பின்னிருக்கைப் பிரயாணம்

சென்ற மாரியில் ஒருநாட் காலை. கல்லூரிக்குப் புறப்படும் வேளையில் என் சைக்கிளின் பின்சில்லு காற்றிழந்து கிடந்தது. குடையை எடுத்துக்கொண்டு கொழும்புத்துறை வீதிக்கு வந்து பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். பஸ் வரவில்லை. என்னிடம் நன்னூல் படித்த பழைய மாணவன் ஒருவன் சிறிய ஸ்கூட்டர் ஒன்றில் வந்தான். “ஐயா, ஏறுங்கோ. நான் ரவுணுக்குத்தான் போறன்” என்றான். ஏறினேன். அவன் தலையிற் கவசம் இருந்தது. என் நெற்றியிலே திருநீறு இருந்தது. இரண்டும் காப்புத்தான் என்பது என் எண்ணம்.

வழியிற் சந்தி ஒன்றிலே நின்ற பொலிஸார் அந்த எண்ணத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. மறித்தார்கள். அவர்களில் ஒருவர் என் வயதுக்கும் சால்வைக்கும் மரியாதை தந்து, “ஐயா, நீங்கள் இறங்கி ஒரு பக்கமாய் நில்லுங்கோ” என்றார். பின்னர் மாணவனுடைய சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கித் தண்டப்பத்திரம் எழுதினார். “குற்றம் என்னுடையது, என் பெயரை எழுதுங்கள்” என்றேன். அவர் சிரித்தார். “ஏற்றினவருக்குத்தான் எழுதுறது, ஐயா.”

தண்டப்பணத்தைத் தபாற்கந்தோரிற் கட்டவேண்டும். பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீட்கவேண்டும். கடையொன்றில் நாட்கூலிக்கு நிற்கும் பையனுக்கு அது அரைநாள் வேலை. பணத்தைக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டான். வினைமுதலை எழுவாயிலிருந்து பிரித்தறியும் இலக்கணத்தை இவனுக்கு நானே படிப்பித்தேன். அன்றைக்கு வினை செய்தவன் நான். பயன் கொண்டவன் அவன்.

அன்று தொட்டு இந்தப் பின்னிருக்கை என்னை விட்டபாடில்லை. பார்க்குமிடமெல்லாம் அதுவே கண்ணிற் படுகிறது. காலை ஏழேகால் மணிக்கு எங்கள் வீதியோரம் நின்று பாருங்கள். முன்தட்டிலே ஒரு குழந்தை நிற்கும். இருக்கையில் தாய், அவளுக்குப் பின்னால் மூத்த பிள்ளை, இருவருக்குமிடையிற் புத்தகப்பை. தாய்க்குத் தலைக்கவசம் உண்டு. பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பூ வைத்திருப்பார்கள். கவசம் போட்டாற் பூ நசிந்துவிடும் அல்லவா?

தமிழில் ‘ஊர்தல்’ என்ற வினைக்கு ஏறிச் செல்லுதல் என்பதும் ஒரு பொருள். யானை ஊர்ந்தான், குதிரை ஊர்ந்தான் என்பது பழைய வழக்கு. ஊரப்படுவது ஊர்தி. நம் நாட்டு அரசகருமத் தமிழ், மோட்டார் சைக்கிளுக்கு ‘உந்துருளி’ என்று பெயரிட்டிருக்கிறது, நல்ல பெயர். தேரைச் செலுத்துபவனுக்கு வலவன் என்றும், யானையைச் செலுத்துபவனுக்குப் பாகன் என்றும் பெயருண்டு. இன்னொருவன் முதுகுக்குப் பின்னாலே அமர்ந்து செல்பவனுக்குத் தனிப்பெயர் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆங்கிலத்தில் வழங்கும் ‘பிலியன்’ என்ற சொல்லுக்கு மூலம் தோலைக் குறிக்கும் இலத்தீன்சொல் என்பர். ஸ்கொத்லாந்து மலைநாட்டு மொழி வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. குதிரைக்காரனுக்குப் பின்னால், பெண்ணொருத்தி அமர்வதற்காகப் போட்ட மெத்தைக்கு அப்பெயர். ஆக, பின்னிருக்கை என்பது பிறக்கும்போதே பெண்ணுக்கென்று பிறந்த இருக்கை. இந்தச் செய்தி பின்னர் நமக்கு வேண்டியிருக்கும்.

சங்கப்பாட்டிலே தேரின் பின்னிருப்பவன் தலைவன். முன்னிருந்து ஓட்டுபவன் அவன் சொற்கேட்கும் வலவன். வினை முடித்து மீளும் தலைவன், விரைந்து செலுத்துமாறு வலவனை ஏவுவது முல்லைத்திணையின் வழக்கம். பின்னாலிருந்து “கெதியாப் போ, மணி அடிக்கப் போகுது” என்று தோளிலே தட்டுவோர் அந்த மரபின் வாரிசுகள் போலும்! ஆனால் அகநானூற்று நான்காம் பாட்டிலே குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன் வேறு. மலரிலே தாதுண்ணும் வண்டினம் வெருவுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டி வருகின்றான். பிரயாணஞ் செய்பவன், வழியிலுள்ள உயிர்களுக்கும் பொறுப்பாளி என்ற எண்ணம் அவனுக்கு இருந்தது.

இனி, வண்டிக்கு வருவோம். ஸ்கூட்டர் என்ற இந்தச் சாதனம் போரின் பிள்ளை. இரண்டாம் உலகப்போரிலே சிதைந்து கிடந்த இத்தாலியில், 1946ஆம் ஆண்டு பியாஜியோ கம்பனியார் வெஸ்பாவை வெளியிட்டனர். 98 கனசென்ரிமீற்றர் எஞ்சின். அதை வரைந்த கொறாதினோ தஸ்கானியோ ஆகாயவிமானப் பொறியியலாளர். மோட்டார் சைக்கிளை விரும்பாதவர். விரும்பாதவர் செய்தமையாற்போலும், அதன் குறைகளையெல்லாம் தவிர்த்தார். எஞ்சினை மூடினார். காலைத் தூக்கிப் போடாமல் ஏறும்படி நடுவே வழிவிட்டார். பாவாடை அணிந்த பெண்ணும் ஏறியமர்ந்து ஓட்டத்தக்கதாயிற்று. 1953இல் வெளிவந்த ‘றோமன் ஹொலிடே’ என்னும் படத்திலே, இளவரசி ஒருத்தி வெஸ்பாவிற் பின்னிருந்து றோமாபுரியைச் சுற்றுகிறாள். பின்பு தானே ஓட்டப் புறப்பட்டுக் கடைவீதியைக் கலக்குகிறாள். பலரும் அந்த உல்லாசத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள். அப்பிரயாணம் பொலிஸ் நிலையத்திலே போய் முடிந்ததை மறந்துவிடுகிறார்கள்.

நம்மூரிலும் போருக்குப் பின்னரே ஸ்கூட்டர் பெருகியது. 1990க்குப் பின், பொருளாதாரத் தடைக்காலத்திலே, யாழ்ப்பாணத்தார் சைக்கிளால் வாழ்ந்தோம். பெற்றோல் கிட்டாமையால் எஞ்சின்கள் மண்ணெண்ணெய்ப் புகை கக்கின. நோயாளியும் கரியரில், நெல்மூட்டையும் கரியரில், மணப்பெண்ணும் கரியரில். 1995 ஒக்ரோபர் இறுதியில் நாவற்குழிப் பாலங் கடந்த அந்த இரவில், என் தாயாரைக் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு நடந்தவன் நான். அதற்கு முன்னைய காலத்திலோ, சைக்கிளில் ‘டபிள்’ போனாலும் விளக்கில்லாமற் போனாலும் பொலிஸ் பிடிக்கும் என்று தகப்பன்மார் எச்சரிப்பார்கள். பெரிய இடர்கள் வந்தபோது அந்தச் சிறிய அச்சம் நம்மைவிட்டுப் போய்விட்டது. திரும்பி வரவேயில்லை. நம் வீதியொழுக்கத்தின் சரித்திரத்தை எழுதுபவர் இதையும் எழுதவேண்டும்.

2009க்குப் பின் வீதிகள் அகன்றன, தார் மெருகேறியது. ஆசிரியைகள், தாதியர், வங்கியிலே பணிசெய்யும் பெண்கள் எல்லாரும் ஸ்கூட்டர் வாங்கினர். இது நன்மை என்றே சொல்வேன். தம்பியோ தமையனோ வந்து ஏற்றிச் செல்லும்வரை படலையடியிற் காத்துநின்ற பெண், தானே சாவியைத் திருப்பிப் புறப்பட்டாள். பின்னிருக்கைக்கென்று பெயரிடப்பட்டவள் முன்னிருக்கைக்கு வந்தாள். இதைக் குறைகூறும் முதியோர் சங்கத்தில் எனக்கு அங்கத்துவம் இல்லை.

ஆனால், 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்தாண்டிற் பழைய ஸ்கூட்டருக்கும் பொன்விலை. 2022இல் எரிபொருள் வறண்டது. யூலையிற் கோட்டுக்குறி அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்தார்கள். வீட்டில் இரண்டு வண்டி இருந்தாலும் ஒன்றுதான் ஓடியது. அந்த ஒன்றில் வீடே ஏறியது. 2023 செப்டெம்பரில் அந்தப் பங்கீடு நீங்கிற்று. ஏறிப் பழகிய வீடு இறங்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாகும், பலமுறை திருத்தப்பட்டது. ஓட்டுபவருக்குப் பின்னே ஒருவர். இருவர் தலையிலும் கவசம். இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அனுமதிப்பத்திரத்திலே ஏ1 என்ற வகுப்பு, 100 கனசென்ரிமீற்றருக்கு மேற்படாத இலகு வண்டிக்கு உரியது. அதற்கு மேற்பட்டால் ஏ வகுப்பு வேண்டும். நம்மூரில் ஓடும் ஸ்கூட்டி பெப் 87.8 கனசென்ரிமீற்றர்; டியோ ஏறக்குறைய 110. பார்வைக்கு இரண்டும் அக்காள் தங்கைபோல இருக்கும். சட்டத்தின் கண்ணுக்கு வேறுவேறு சாதி. சின்ன வண்டியை ஓட்டும் ஏ1காரர், தோழியின் பெரிய வண்டியை இரவல் வாங்கி ஒருவரை ஏற்றிச் சென்றால், அவர் அனுமதியில்லாத சாரதி. விபத்தொன்று நேர்ந்தால் அந்த ஒரு எண் எவ்வளவு பெரிதாகும் என்பதை வழக்கறிஞர்களைக் கேட்டறிக.

காப்புறுதிப் பத்திரத்தை எத்தனைபேர் வாசித்திருக்கிறோம்? ‘மூன்றாந் தரப்பு’ என்று அதிலே எழுதியிருக்கும். பின்னால் இருப்பவர் அந்த மூன்றாந் தரப்பினுள் அடங்குவாரா? இந்தியாவிலே 2006இலும் 2008இலும் உயர்நீதிமன்றத்துக்கும் மேற்பட்ட உச்சநீதிமன்றம், கட்டாயக் காப்புறுதி மட்டும் உள்ள வண்டியிற் கட்டணமின்றிப் பின்னிருந்து வந்தவர் அதனுள் அடங்கார் என்று தீர்த்திருக்கிறது. நம் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவரவர் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். திருக்குறளுக்கு எட்டு உரை வைத்திருப்போரும் இந்த ஒரு பத்திரத்துக்கு உரை கேட்டதில்லை.

இனி, நான் மிகுதியாகச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். அது சேலை.

பிரித்தானியாவின் 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம், மோட்டார் சைக்கிளிற் பின்னிருப்பவர் இருபுறமும் காலிட்டே அமரவேண்டும் என்று விதித்தது. ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னே உறுதியாகப் பொருத்திய தக்க இருக்கையும் வேண்டும் என்றது. இந்தியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 128ஆம் பிரிவும் ஏறக்குறைய அதே வாசகந்தான். ஒருவரே ஏறலாம், தக்க இருக்கை வேண்டும். ஆனால் இருபுறமும் காலிடுதல் என்ற சொல் அங்கே இல்லை. ஏன் இல்லை என்பதைச் சேலையுடுத்த எந்தப் பெண்ணும் சொல்லுவாள். அதற்கு ஈடாக 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 123ஆம் விதி வந்தது. பின்னிருப்பவர் பற்றுவதற்கு நிலையான கைப்பிடியும் பாதம் வைப்பதற்குப் படியும் இருக்கவேண்டும். ஆடை சிக்காதபடி பின்சில்லின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பும் இருக்கவேண்டும் என்கிறது அவ்விதி. மேல்நாட்டுச் சட்டம் அங்கத்தை ஆடைக்கு விரோதமாக வளைத்தது. கீழ்நாட்டு விதி வண்டியை ஆடைக்கேற்ப வளைத்தது என்று சொல்லலாம். எது சிறந்தது என்று கேட்டால், உயிரின் பக்கம் நின்று பார்த்தால் முன்னையதே சிறந்தது. ஒருபக்கமாகச் சாய்ந்தமர்ந்தவரின் பாரம் வண்டியின் நடுக்கோட்டில் விழாது. சடுதியாகத் தடை பிடித்தால் ஊன்றிக்கொள்ள முழங்கால் உதவாது. கையொன்று குடையையோ பையையோ பற்றியிருக்கும். மற்றக் கை மட்டுமே அவருக்குள்ள கட்டு.

நம் நாட்டிலே ஆசிரியைகள் சேலையுடுத்தே பாடசாலைக்கு வரவேண்டும் என்ற வழக்கம் வேரோடியது. 2022 நவம்பரிற் சில ஆசிரியைகள் வேறு உடையில் வந்தபோது நாடெங்கும் பெரிய வாதம் எழுந்தது. பண்பாடு என்றார்கள், முன்மாதிரி என்றார்கள், சேலையின் விலை என்றும் சிலர் சொன்னார்கள். அந்த வாதத்தில் ஸ்கூட்டரின் பின்சில்லு என்ற சொல் என் செவியில் விழவில்லை. அதிகாலையிற் சேலைத்தலைப்பை இடுப்பிற் செருகி, ஒருபக்கமாக அமர்ந்து, கொப்பிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு பத்துமைல் செல்லும் ஆசிரியையை நான் அறிவேன். நான் சேலையின் எதிரி அல்லேன். அந்த உடையின் அழகைப் பாடிய பாட்டுக்களைப் படிப்பித்தே சம்பளம் வாங்குகிறேன். ஆயினும், ஒரு கடமைக்காக ஓருடையை விதிப்பவர், அவ்வுடையோடு அக்கடமைக்கு வந்துசேரும் வழியையும் எண்ணவேண்டும். பிரயாணத்துக்குரிய உடையில் வந்து பாடசாலையிற் சேலை மாற்றிக்கொள்ள ஓரறை ஒதுக்கலாம். அதுவும் இயலாவிடின், தலைப்பையும் கொய்யகத்தையும் ஊசியிட்டு அடக்கிக்கொண்டு ஏறுதல் வேண்டும். சில்லுக்காப்பு இல்லாத வண்டியில் ஏறலாகாது. துப்பட்டாவுக்கும் இதே விதி. என் சால்வைக்கும் இதே விதி என்பதை நான் அறிந்த விதத்தைப் பின்னே சொல்லுகிறேன்.

வள்ளுவர் வலியறிதல் என்ற அதிகாரத்திலே மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைக் காட்டினார். என் வீட்டில் இந்தக் குறளுக்கு உரை செய்தவள் என் மகள். அவளுடைய ஸ்கூட்டரின் கையேட்டில், ஏற்றத்தக்க பாரம் 130 கிலோ என்றிருக்கிறது. “நான் 52, நீங்கள் 71. கூட்டுங்கோ அப்பா” என்றாள். 123 என்றேன். “உங்கடை புத்தகப்பை?” நிறுத்துப் பார்த்தோம், 8 கிலோ. அச்சு முறிந்தது. அன்றைக்குத் தொல்காப்பியச் சேனாவரையம் வீட்டில் நின்றுகொண்டது.

இதனை விளையாட்டென்று தள்ளிவிடலாகாது. சிறிய ஸ்கூட்டரின் எடை ஏறக்குறைய 95 கிலோ. ஓட்டுபவரோடு 150 என்று வைப்போம். எழுபது கிலோக்காரர் ஒருவர் பின்னால் ஏறினால் மொத்தப் பாரம் ஏறக்குறைய அரைப்பங்கு கூடுகிறது. தடையோ, ரயரோ, எஞ்சினோ கூடவில்லை. ஏறிய பாரமும் பின்னச்சின்மேல் விழுவதால் முன்சில்லு இலேசாகிறது. கைபிடி சொற்கேளாப் பிள்ளையாகிறது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திலே ஒரு விநாடியில் வண்டி 11 மீற்றர் ஓடிவிடும். நாயைக் கண்டு விரல் தடையை நாடுவதற்குள் அந்தப் பதினொரு மீற்றர் போய்விடும். ரயருக்கு எவ்வளவு காற்று என்பதைக் கையேட்டிலே தனியொருவருக்கு ஓரளவு, இருவருக்கு ஓரளவு என்று பிரித்தெழுதியிருப்பார்கள். காற்றடிக்கும் கடையில் அந்த இரண்டாம் அளவைச் சொல்லிக் கேட்போர் எத்தனைபேர்?

நம்மூருக்கே உரிய இடர்களும் உண்டு. மேடுபள்ளம் இல்லாத நாடு. அதனால் வேகம் தானே வந்துவிடும். பரவைக்கடலை அண்டிய வீதிகளிற் காற்றுக் காலத்தில் மணல் வந்து படியும். தார்மேற் படிந்த மெல்லிய மணல், இருவர் ஏறிய சின்னச் சில்லுக்கு எண்ணெய் போன்றது. மாடுகள் உரிமையோடு படுத்திருக்கும். முன்பு ஒழுங்கை முகப்புக்களிலே கிடுகுவேலி இருந்தது. வேலியின் இடுக்கால் அப்புறத்து அசைவு தெரியும். ஆள் வரும் அரவமும் கேட்கும். இப்போது எங்கும் ஆளுயர மதில். ஒழுங்கையால் வருபவனுக்கு வீதி தெரியாது. வீதியால் வருபவனுக்கு ஒழுங்கை தெரியாது. மதிலை முகப்பிலே நாலடி தாழ்த்திக் கட்டுமாறு விதித்தால் எத்தனையோ எலும்புகள் தப்பும். பிரதேச சபையாரும் மாநகர சபையாரும் நினைத்தால் முடியும்.

பின்னிருப்பவன் செயலற்ற மூட்டை என்றே நானும் எண்ணியிருந்தேன். அப்படியன்று. முதற்பாடம் ஏறும்போதே தொடங்குகிறது. ஓட்டுபவர் இரண்டு காலையும் ஊன்றி, “ஏறுங்கோ” என்று சொன்ன பின்னரே ஏறவேண்டும். அவர் அறியாமல் ஏறினால் வண்டி சரியும். ஏறியபின் இரு பாதமும் படியில் இருத்தல் வேண்டும். நிற்கும் இடத்திலும் எடுக்கலாகாது. கையால் ஓட்டுநரின் இடையையோ கைப்பிடியையோ பற்றவேண்டும். தோளைப் பற்றினால் கைபிடி ஆடும். திருப்பத்திலே வண்டி சாயும் பக்கம் உடன்சாயவேண்டும். இதிலேதான் நான் தோற்றேன். பாசையூர்ப் பக்கமாக ஒரு முடக்கிலே வண்டி இடப்புறம் சாய, விழுந்துவிடுவோமே என்று நான் வலப்புறம் சாய்ந்தேன். வண்டி வளையாமல் எதிர்ப்பக்க மதிலை நோக்கி நேரே போயிற்று. மகள் எப்படியோ நிறுத்தினாள். திரும்பிப் பார்த்து, “அப்பா, நீங்கள் நினைக்கிறதைச் செய்யாதேங்கோ, வண்டி நினைக்கிறதைச் செய்யுங்கோ” என்றாள். முப்பது ஆண்டு மற்றவர்களைத் திருத்தியவனுக்கு இது புதிய அனுபவம். என் சால்வையின் நுனி சில்லருகே கரிபூசிக் கிடந்ததை வீட்டுக்கு வந்த பின்னரே கண்டோம். இன்னும் ஒரு சாண் நீளமாயிருந்தால், இக்கட்டுரை எழுதப்பட்டிராது.

குழந்தைகளைப்பற்றி. முன்தட்டில் நிற்கும் குழந்தைக்கு முன்னால் இருப்பவை கைபிடியும் கண்ணாடித் தண்டும். பின்னால் இருப்பது தாயின் பாரம். மோதினால் அந்தப் பாரமே குழந்தையை நெரிக்கும். அணைத்த கை காக்கும் என்பது அன்பின் துணிபு. விசையின் கணக்கு அதை ஏற்காது. இந்தியாவில் 2022 பெப்ரவரியில் வெளியான விதி, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஓட்டுநரோடு பிணைக்கும் பட்டி வேண்டும் என்கிறது. பிள்ளைக்கு அளவான கவசமும் வேண்டும். வேகமும் 40 கிலோமீற்றரைத் தாண்டலாகாது. வியற்நாமிலே 2007 டிசம்பர் 15 முதல் ஓட்டுபவருக்கும் ஏறுபவருக்கும் கவசம் கட்டாயமாயிற்று. வளர்ந்தோர் பெரும்பாலும் பணிந்தார்கள். பிள்ளைகளின் தலை வெறுந்தலையாகவே நின்றது. கவசத்தின் பாரம் பிள்ளையின் கழுத்தைக் கெடுக்கும் என்ற கதை அங்கே பரவியிருந்தது. வைத்தியர்கள் அந்தக் கதையோடு போராட நேர்ந்தது. 2010இல் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைக் கவசமின்றி ஏற்றியவருக்குத் தண்டம் விதித்தார்கள். நம்மூரிலும் அதே கதையைக் கேட்டிருக்கிறேன். எந்தக் கப்பலில் வந்து இறங்கியதோ!

கவசத்தின் கதையிலே இலக்கியம் கற்றோர் அறியவேண்டிய ஒருவர் உண்டு. ‘அரேபிய லோறன்ஸ்’ என்று பேர்பெற்ற ரி. ஈ. லோறன்ஸ், பாலைவனப் போரிலே பிழைத்து வந்தவர். ‘ஞானத்தின் ஏழு தூண்கள்’ என்ற பெருநூலை எழுதியவர். 1935 மே 13ஆந் திகதி, தம் மோட்டார் சைக்கிளிற் செல்லும்போது, சைக்கிளில் வந்த இரு சிறுவரைத் தவிர்க்கத் திருப்பி விழுந்தார். தலையிற் கவசம் இல்லை. ஆறாம் நாள் இறந்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களுள் ஹியூ கெயர்ன்ஸ் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒருவர். கெயர்ன்ஸ் அந்த மரணத்தை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்துக்களிற் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இற் கட்டுரை வெளியிட்டார். இராணுவத் தூதுவரான மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குக் கவசம் கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கு அது சட்டமாக 1973 வரை காலஞ் சென்றது. இப்போது ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், கவசம் மரணத்தை 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கும் என்று கணித்திருக்கிறார்கள். உலகத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதியில் இறக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சின்னஞ்சிறு இலங்கையிலும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர். அவருள் இருசில்லு வண்டியிற் சென்றோரே பெருந்தொகையினர்.

தமிழ்நாட்டில் 2015 யூலை 1 முதல், சென்னை உயர்நீதிமன்றக் கட்டளையால், ஓட்டுபவரோடு பின்னிருப்பவரும் கவசம் அணிதல் வற்புறுத்தப்பட்டது. அதே ஆண்டில் நம் நாட்டிலே வேறொரு வேடிக்கை. கொள்ளையர் முகத்தை மறைக்கிறார்கள் என்று, முழுமுகக் கவசத்தைத் தடைசெய்யப் பொலிஸார் முற்பட்டனர். மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை இடைநிறுத்தியது. முகத்தை மறைப்பதே தாடையைக் காப்பதும் ஆகும் என்பதைச் சொல்ல நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது!

நம்மவர் சாட்டுக்களைத் தொகுத்தால் ஓர் அந்தாதி பாடலாம். சந்தி மட்டுந்தானே, வெயில், தலைமயிர் உதிர்கிறது, இரண்டாவது கவசம் வைக்க இடமில்லை. இறுதியாகச் சொன்னதொன்றே உண்மையான இடையூறு. ஓட்டுபவரிடம் தம் கவசம் எப்போதும் உண்டு. வழியிற் கண்டவரை ஏற்றும்போது இரண்டாவது கவசத்துக்கு எங்கே போவார்? ஏற்றாமற் போனால் ‘கண்டுங் காணாமற் போகிறான்’ என்று ஊர் பேசும். ஏற்றினால் தண்டம், அல்லது அதனினும் பெரிய இழப்பு. கேட்டு ஏறுபவனும், அழைக்க ஏறுபவனும், அந்த இளைஞனின் நல்லியல்பையே அவனுக்கு எதிரான சாட்சியாக்குகிறான். ஆசிரியரும் முதியோரும் இதிலே பெரிய குற்றவாளிகள். ‘மாட்டேன்’ என்று நம்மிடம் சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

ஆகவே கடைக்குப் போனேன். வீதியோரத்திற் குவித்து வைத்திருந்த பிளாஸ்ரிக் தொப்பிகளை விட்டு, எஸ்.எல்.எஸ். முத்திரை பதித்த கவசம் கேட்டேன். தலையை அசைத்தாலும் தான் அசையாமல் இறுகி நிற்பதே தலைக்கு அளவானது என்று கடைக்காரர் சொன்னார். குடுமி இல்லாத தலை. அளவு எளிதிற் கிடைத்தது. நாடிப்பட்டியைப் பூட்டாத கவசம், விழும்போது நமக்கு முன்னே விழுந்துவிடும் என்றும் சொன்னார். அந்தக் கடைக்காரர் ஆசிரியராக வந்திருக்கவேண்டியவர்.

இப்போது அது துணிப்பையொன்றில் என்னோடு கல்லூரிக்கு வருகிறது. ஆசிரியர் அறையிற் குடைக்குப் பக்கத்தில் அதற்கும் ஓராணி அடித்தாயிற்று. “பண்டிதர் ஐயா எந்த வண்டி வாங்கியிருக்கிறார்?” என்று உடனாசிரியர் கேட்டார். வண்டி வாங்கவில்லை, தலை வாங்கினேன் என்றேன். மாணாக்கர் சிரித்தார்கள். இரண்டு வாரத்துக்குப்பின் உடனாசிரியைகளுள் ஒருவர், பின்னிருந்து வரும் தம் பிள்ளைக்கென்று சிறிய கவசம் ஒன்று வாங்கிவந்து காட்டினார். பூ வைத்த தலைக்கு என்ன செய்வதென்று கேட்டேன். பாடசாலை வாசலில் வைத்துப் பூச் சூட்டுவதாகச் சொன்னார்.

தைப்பொங்கல் கழிந்து ஒருநாள், சைக்கிள் நலமாக இருந்தும் வீட்டில் விட்டுவிட்டு, வேண்டுமென்றே அந்த இடத்திற் போய் நின்றேன். அவன் வந்தான். என்னைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தான். நிறுத்துவதா விடுவதா என்று அவன் முகத்தில் ஒரு தயக்கம். பையைத் திறந்து காட்டினேன். நிறுத்தினான். இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, “இப்ப ஏறுங்கோ, ஐயா” என்றான்.